விருதுக்கு நன்றி, என் கோப்பு எங்கே?

மனநல மருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வரும் மாநாட்டில் எனக்கு வாழ்நாள் சேவை விருது தர முடிவு செய்திருப்பதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. “மனநலச் சிகிச்சையில் மனித உரிமைக்காக உழைத்த ஒரு வாழ்நாள்” என்று அதில் இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை நிகழ்ச்சி நிரலையும் சேர்த்துப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பேச ஏழு நிமிடம். அன்று மாலையே கட்டாயச் சிகிச்சை பற்றி ஓர் அமர்வு, இரண்டு மணி நேரம். பேச்சாளர்கள் ஐந்து பேர், ஐவரும் மருத்துவர்கள். கட்டி வைத்தவர்கள் பேசுவார்கள், கட்டுண்டவர் எவரும் அந்த மேடையில் இல்லை.

இதற்குத் தனிக் கடிதமாகவே பதில் எழுதியிருக்கலாம். அது எந்த அலமாரிக்குள் போகும் என்பது எனக்குத் தெரியும். கோப்புகளோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

1979இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பதினோரு இரவுகள் தூங்கவில்லை. சுவருக்குள் யாரோ என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நம்பினேன். எனக்கு உதவி தேவைப்பட்டது, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மருத்துவமனையில் நான் கேட்டது ஒன்றுதான்: “இது என்ன மருந்து என்று சொல்லுங்கள், பிறகு ஊசி போடுங்கள்.” நான்கு பேர் வந்தார்கள். மணிக்கட்டு இரண்டும் கணுக்கால் இரண்டும் துணிப்பட்டைகளால் கட்டிலோடு பிணைக்கப்பட்டன. கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருந்ததால் நேரம் தெரியவில்லை. சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தத்தை எண்ணினேன். அவிழ்ப்பதற்குள் ஐந்து முறை வந்து போனது.

அதன் பிறகு மருத்துவர் வந்து, “உனக்கு நோய் இருப்பதை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்டார். “தெரியவில்லை” என்றேன். அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்: “நோயுணர்வு இல்லை. சிகிச்சையை மறுக்கிறார்.” அடுத்த வாரம் அதே கேள்விக்கு “ஆமாம்” என்றேன். நோயுணர்வு திரும்புவதாக எழுதினார், வராந்தாவில் உலாவ அனுமதி கிடைத்தது. சுவருக்குள் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குணமானவளைப் போலப் பேச நான் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த வார்டில் எல்லோரும் அதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் விருது தரும் அந்த வாழ்நாள் முழுவதும் நான் சொல்லிவந்தது இந்த ஒன்றைத்தான். ஒருவர் “வேண்டாம்” என்றால் அதை அவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளாமல், அவருடைய நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்கிறீர்கள். இந்தப் பழக்கம் உங்கள் தொழிலுக்கு நேற்று வந்ததில்லை. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதற்கே ‘டிரேப்டோமேனியா’ என்று ஒரு நோய்ப் பெயர் வைத்தார். அதற்கு அவர் சொன்ன வைத்தியங்களில் சவுக்கடியும் உண்டு. 1860இல் இல்லினாய் மாநிலத்தில் எலிசபெத் பேக்கர்டை மனநலக் காப்பகத்தில் அடைத்தவர் அவருடைய கணவர், ஒரு மதபோதகர். கணவரின் சமயக் கருத்துகளை மனைவி ஏற்கவில்லை என்பதுதான் பின்னணி. மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1864இல் அவர் சித்தம் தெளிந்தவர்தான் என்று முடிவு செய்ய ஜூரிகளுக்கு ஏழு நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு நீங்கள் ஒதுக்கிய ஏழு நிமிடத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சோவியத் ஒன்றியத்தில் இந்தப் பழக்கம் அரசின் ஆயுதமானது. ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று நோய் கண்டுபிடித்தார்கள். சமுதாயத்தைத் திருத்த நினைப்பதே ஒரு பிரமை ஆனது. இதைச் சொன்னால் உங்களில் பலர் “அது அரசியல், நாங்கள் வேறு” என்பீர்கள். வேறுதான். ஆனால் பூட்டு ஒன்றேதான், சாவி யார் கையில் என்பதில்தான் வேறுபாடு.

உங்கள் தொழிலிலும் “மாட்டேன்” என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். விருது கொடுக்க அவர்களைத்தான் தேடியிருக்க வேண்டும். செமியோன் குளூஸ்மன் இளம் உக்ரைனிய மனநல மருத்துவர். ஆட்சியை எதிர்த்ததற்காகப் பைத்தியம் என்று அடைக்கப்பட்ட சோவியத் ஜெனரல் கிரிகோரென்கோவுக்கு மனநோய் ஏதும் இல்லை என்று எழுதினார். 1972இல் கைதானார். ஏழு ஆண்டுகள் சிறைமுகாம், பிறகு மூன்று ஆண்டுகள் நாட்டுக்குள்ளேயே தொலைதூரத்தில் ஒதுக்கிவைப்பு. முகாமிலும் சும்மா இருக்கவில்லை. அரசை எதிர்ப்பவர்கள் மனநலப் பரிசோதனையை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று சக கைதி புக்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து ஒரு கையேடு எழுதினார்.

இன்னொருவர் பிராங்கோ பசாலியா. 1961இல் இத்தாலியின் கொரீட்சியா மனநலக் காப்பகத்துக்கு இயக்குநராகப் போனபோது, முந்தைய இரவு கட்டி வைக்கப்பட்டவர்களின் பதிவேடு கையெழுத்துக்காக அவர் முன் வைக்கப்பட்டது. “நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை, பேனாவைத் திறக்கவில்லை. பிறகு அவர் திரியெஸ்தே நகரத்துக் காப்பகத்துக்குப் போனார். 1973இல் அங்கிருந்தவர்கள் மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்து ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். குதிரை வாயிலைவிடப் பெரிது, இடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. 1978 மே மாதம் இத்தாலி சட்டம் இயற்றி மனநலக் காப்பகங்களை மூடத் தொடங்கியது. என்னைக் கட்டிலில் கட்டியது அதற்கு அடுத்த ஆண்டு. நீலக் குதிரை பற்றி எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் மருத்துவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வெளியே வந்து நால்வராகச் சேர்ந்தோம். ஜூடி சேம்பர்லினின் புத்தகம் கைக்குக் கிடைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1966இல் கருச்சிதைவுக்குப் பின் வந்த மனச்சோர்வுக்காக மருத்துவமனைக்குப் போய், விருப்பத்துக்கு மாறாக அடைபட்டவர் அவர். எங்களைப் பற்றி எங்களில் ஒருத்தி எழுதி முதன்முதலாகப் படித்தது அதுதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பெரிய வீரச் செயல் அல்ல. மனு எழுதினோம், வார்டு வாசலில் காத்திருந்தோம். அடைக்கப்பட்டவர்களின் மறுபரிசீலனை விசாரணைகளில் துணைக்கு உட்கார்ந்தோம். நான் போனவை நூற்றுக்கு மேல். பெரும்பாலானவை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன. அடைத்த மருத்துவரின் அறிக்கையை அவருடைய சகாவே படித்துச் சரி என்பார். வேலிக்கு ஓணான் சாட்சி.

2006 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. ஏற்றது. அதன் வரைவுப் பேச்சுகளில் டீனா மின்கோவிட்ஸ் போல, சிகிச்சை என்ற பெயரில் அடைபட்டு வந்தவர்களும் உட்கார்ந்து வாதாடினார்கள். பன்னிரண்டாம் பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. குறைபாடு இருக்கிறது என்பதை வைத்து ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது பதினான்காம் பிரிவு. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை ஆணையரகமும் சேர்ந்து, கட்டாயத்தை ஒழிக்கும்படி மனநலச் சட்டங்களைத் திருத்தி எழுத வழிகாட்டி வெளியிட்டன. உங்கள் மாலை அமர்வின் குறிப்பில் இவை எதுவும் இல்லை. ‘கட்டுதல்’ என்ற சொல் மட்டும் ‘பாதுகாப்பு நடவடிக்கை’ என்று மாறியிருக்கிறது. துணிப்பட்டை மாறியிருக்கிறதா என்று குறிப்பில் இல்லை.

உங்கள் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். “உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரை என்ன செய்வது? விட்டுவிடுவதா?” இதற்கு என்னிடம் அழகான விடை இல்லை. என் தோழி ஒருத்திக்காக மூன்று இரவுகள் முறை வைத்து விழித்திருந்தோம். கதவைப் பூட்டவில்லை. அவள் பேசினாள், திட்டினாள், மூன்றாம் நாள் விடியலில் தூங்கினாள். இன்னொரு தோழியை இழந்தோம். அவள் மருத்துவமனைக்கு வர மறுத்ததற்கு ஒரே காரணம், முன்பு அங்கே கட்டப்பட்டிருந்தாள் என்பதுதான். உங்கள் கணக்கில் காப்பாற்றப்பட்டவர்கள் வருகிறார்கள். பயந்து வராமல் போனவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுகிறீர்கள்?

மருந்துக்கு எதிரி என்று என்னை அறிமுகப்படுத்திவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாகச் சிறிய அளவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதைத் தந்த மருத்துவர், அது என்ன, என்ன செய்யும், எங்கே உதைக்கும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். முதல்முறை வேண்டாம் என்றேன். “சரி, யோசித்துச் சொல்லுங்கள்” என்றார். நான்கு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன். 1979இல் நான் கேட்டதும் இவ்வளவுதான்.

விருது விஷயத்துக்கு வருகிறேன். அன்று என்னைக் கட்டி வைத்த அதே மருத்துவமனைக்குத்தான் இன்று உங்கள் செயலாளர் பொறுப்பு. என் கோப்பின் நகல் கேட்டு இதுவரை மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு, அதைப் படித்தால் என் மனநிலை பாதிக்கப்படலாம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, சிகிச்சை அளித்த மருத்துவரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. இது நான்காவது.

என் “வேண்டாம்” எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் கட்டப்பட்டிருந்தேன் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் என்னிடம் இருப்பது சாப்பாட்டு வண்டிக் கணக்கு மட்டும்தான். கையெழுத்து யாருடையது என்பதும் தெரிய வேண்டும். மாலை அமர்வில் ஆறாவது நாற்காலி ஒன்று போட்டால், அந்த நகலோடு வந்து அதையே படிக்கிறேன். ஏழு நிமிடம் போதும்.

கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்றால், எந்தத் தேதியில், யாருடைய உத்தரவில் என்று எழுத்தில் தெரிவியுங்கள். விருதை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தப் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் வார்டு, பதினேழாம் எண் கட்டில், 1979