மதகுக் கதவைச் சீர்செய்து, வீடுகளுக்குள் கழிவுநீர் புகுவதைத் தடுக்க வேண்டி மூன்றாவது கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: இடிமழையின்போது பெருவடிகால் எதிர்த்து ஏறுவது – மதகுக் கதவைச் சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து ஏற்கெனவே இரண்டு மனுக்கள் அளித்துள்ளோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தவிர வேறு பதில் வரவில்லை. எங்கள் தெருக்களின் தாழ்வும், பெருவடிகால் கடலில் சேருமிடத்து மதகும் தாங்கள் அறிந்தவையே என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. மதகின் இரும்புக் கதவு துருவேறி, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் பாதியில் நிற்கிறது.

2. ஓதம் ஏறும்போது, அதாவது கடல்மட்டம் உயரும்போது, கடல்நீர் அவ்வழியே உள்ளே வந்து வடிகாலை நிரப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் இடிமழை கொட்டினால் தெருநீர் போக இடமில்லை. 50 மி.மீ. மழை ஒரு ஹெக்டேர் பரப்பில் 5 லட்சம் லிட்டர் நீரைக் கொட்டுகிறது. சிமென்ட் பூசிய தெருக்களில் அதை உறிஞ்ச மண்ணும் இல்லை.

3. எங்களை வதைப்பது தெருவில் நிற்கும் நீர் அன்று. வாசலில் மணல் மூட்டை அடுக்கி அதைத் தடுத்துவிடுகிறோம். ஆனால் நீர் வாசல் வழியாக வருவதில்லை, கழிவறைக் குழியிலிருந்து பொங்கி வருகிறது. சென்ற மழையில், நள்ளிரவில், மின்சாரம் நின்ற இருட்டில், எழுந்து நடக்க இயலாத முதிய தாயைக் கட்டிலோடு தூக்கி நான்கு செங்கற்களின்மேல் நிறுத்திவிட்டு, கழிவறைக் குழியின் வாய்க்குள் கோணியையும் பழைய துணியையும் திணித்து, அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவராக விடியும்வரை காலை ஊன்றி அழுத்திக்கொண்டு நின்ற வீடு எங்கள் தெருவில் இருக்கிறது. அப்படியும் முழங்கால் அளவு ஏறியது. வடிந்த பிறகு அரிசி, மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றிலும் மலநாற்றம். குடிநீர்த் தொட்டியைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த மழை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஐயா. மூன்றாம் முறையாக எழுதுகிறோம்.

4. இடிமழை எந்தத் தெருவில் கொட்டும் என்று முன்னதாகச் சொல்வது கடினம் என்பதை ஏற்கிறோம். ஆனால் கடல் எப்போது ஏறும் என்பதற்கு ஆண்டு முழுமைக்கும் அட்டவணை இருக்கிறது. கதவு கெட்டிருப்பதை அறிய வானிலை அறிவிப்பு எதற்கு? பாலத்தில் நின்று குனிந்து பார்த்தாலே தெரியுமே! சாலையோரக் கால்வாயை மட்டும் தூர்வாரி, சேற்றைக் கரையிலேயே குவித்துச் செல்கிறார்கள். முதல் மழையிலேயே அது திரும்பவும் உள்ளே விழுகிறது.

5. கதவை மாற்றுங்கள். அது மூடியிருக்கும்போது பெய்யும் மழையை இறைக்க டீசல் பம்பு ஒன்றை மதகருகே வையுங்கள். மின்மோட்டார் வேண்டாம், இடி இடித்தால் முதலில் போவது மின்சாரம்தான்.

தங்களை மீண்டும் பணிந்து கேட்கிறோம்: அடுத்த இடிமழைக்கு முன், ஓதம் ஏறும் ஒரு வேளையில், பொறியாளருடன் தாங்களே மதகடிக்கு வர வேண்டும். அந்தக் கதவை மாற்றித் தர வேண்டும்.

இப்படிக்கு,
பெருவடிகால் கரைத் தெருக்களில் வசிப்போர்