ஹீப்ரு சொற்களைப் பட்டியலாகப் போடாதீர்கள், வேரோடு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இஸ்ரேலுக்கு வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த ஹீப்ரு சொற்பட்டியலைப் பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அகர வரிசையில் அடுக்கியதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஹைஃபாவில் 5 வருடம் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான். போன புதிதில் நானும் இப்படித்தான் நோட்டுப் போட்டு எழுதி மனப்பாடம் செய்தேன், காலையில் படித்தது ராத்திரிக்குள் மறந்துபோகும், மூன்று மாதம் வீணாய்ப் போனது.

ஹீப்ருவில் பெரும்பாலான சொற்களுக்கு அடியில் மூன்று மெய்யெழுத்து இருக்கும். அதை ஷோரெஷ் என்பார்கள், மரத்தின் வேருக்கும் அதே சொல்தான். தமிழில் எழுத்து, எழுத்தாளர், எழுதுகோல் என்று பின்னால் ஒட்டிக்கொண்டே போவோம். அங்கே மூன்று மெய்யும் வரிசை மாறாமல் நிற்க, நடுவில் உயிரொலி மாறும், முன்னாலும் பின்னாலும் ஏதாவது வந்து சேரும்.

எனக்கு இது புரிந்தது சமையலறையில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கிளினிக் அட்டையை வைத்து. அந்த அம்மாவை சவ்தா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவேன். சவ்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையில் மூன்று எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்: ரேஷ், பே, அலெஃப். டாக்டர் ரோஃபே, பெண் டாக்டர் ரோஃபா, கிளினிக் மிர்பாஆ, மருத்துவம் ரெஃபுவா. மருந்துக்குச் சொல்லும் த்ரூஃபாவையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம், அதன் வேரைப் பற்றி அறிஞர்களுக்குள் வேறு கருத்து இருந்தாலும் நமக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு உடனே எங்கள் சபையில் சொல்லும் யெகோவா ராஃபா ஞாபகம் வந்தது, குணமாக்குகிறவர் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து வாயில் இருந்த சொல், அதுதான் இந்த அட்டையிலும் இருக்கிறது என்று தெரியாமலே 3 மாதம் ஓட்டியிருக்கிறேன்!

உடம்பு சரியில்லாதவரிடம் ரெஃபுவா ஷ்லேமா என்பார்கள், முழுசாகக் குணமாகட்டும் என்று. ஷ்லேமா என்றால் முழுமையானது. ஷலோம் அதே வேர்தான். கடையில் பணம் கொடுப்பதற்கான லெஷலேமும் அதுதான், கணக்கை முழுசாகத் தீர்ப்பது.

நோய்களின் பெயரைப் பாருங்கள், பராமரிப்பு வேலைக்கு இது ரொம்ப உதவும். மஞ்சள் நிறம் ட்ஸஹோவ், மஞ்சள் காமாலை ட்ஸஹெவெத். நாய் கெலெவ், வெறிநாய்க்கடி நோய் கலெவெத். சர்க்கரை சுக்கார், சர்க்கரை நோய் சுக்கெரெத். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், கடைசியில் 'எத்' ஓசை கேட்டால் நோயாக இருக்குமோ என்று காது தானே பிடித்துக்கொள்ளும். சுக்காருக்கும் நம் சர்க்கரைக்கும் பூர்வீகம் ஒன்றுதான், சமஸ்கிருத சர்க்கரா அரபி வழியாகப் போனது.

சரி, இதில் சிக்கலும் உண்டு. ஒரே எழுத்து இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், அதனால்தான் ரோஃபேவில் ஃப, மிர்பாஆவில் ப. நமக்கு இது புதிதா என்ன? பக்கம், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே க தானே! இன்னொன்று, எழுத்து ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது. ரொட்டிக்கு லெஹெம், போருக்கு மில்ஹமா, மூன்று மெய்யும் ஒன்றுதான், ஆனால் பொருளில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேத் லெஹெம் என்றால் ரொட்டியின் வீடு, நம் பெத்லகேம். இந்த பேத் சேர்ந்தால் பள்ளிக்கூடம் பேத் செஃபெர், புத்தக வீடு. ஆஸ்பத்திரி பேத் ஹோலீம், நோயாளிகள் வீடு.

புதுச் சொற்களில் பலவும் பழைய வேரிலிருந்தே வந்தவைதான். 1881-இல் ஜெருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெஹூதா இந்த மொழியை வீட்டில் பேசும் மொழியாக்கியவர், நேரத்துக்குச் சொல்லும் ஏத் என்பதிலிருந்து நாளிதழுக்கு இத்தோன் என்று பெயர் வைத்தார். கம்ப்யூட்டர் மஹ்ஷெவ், யோசிப்பது என்ற வேரிலிருந்து வந்தது.

இப்போது என் வேண்டுகோள். அடுத்த முறை சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் போடுங்கள், பத்துப் பதினைந்து வேர் போதும், பக்கத்திலேயே ஹீப்ரு எழுத்தையும் அச்சிடுங்கள். தமிழில் ஹ என்று எழுதினால் அவர்களுடைய இரண்டு மூன்று எழுத்துகள் ஒன்றாகிவிடுகின்றன, வேர் எது என்றே தெரியாமல் போகிறது. அதோடு பஸ் பலகையிலும் மருந்து டப்பாவிலும் உயிர்க்குறி போடுவதில்லை, கண்ணில் படுவது பெரும்பாலும் மெய்கள்தான், வேரைத் தெரிந்தவருக்கு அங்கே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் ரேஷ், பே, அலெஃப் குடும்பத்தைப் போடுங்கள். வேலைக்குப் போய் இறங்கிய அன்றைக்கே நம் கையில் கொடுப்பது மருந்துப் பெட்டியைத்தான்.

இப்படிக்கு,
முன்னாள் பராமரிப்புப் பணியாளர்,
மார்த்தாண்டம்.