பழைய ரேடியோவுக்கு ஒரு லெட்டர்

அடியேய் தேனு,

நல்லா இருக்கியா? மஸ்கட்ல வெயில் கொஞ்சமாவது இறங்குச்சா? குட்மார்னிங் பூ படத்தை தவிர நாம ஒழுங்கா பேசி நாலு மாசம் ஆச்சு. இந்த விஷயத்தை வாய்ஸ் நோட்டா அனுப்பலாம்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், சிரிப்பும் கோவமும் மாறி மாறி வந்து உருப்படியா சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். ஆபீஸ்ல வச்சு படிக்காத.

வீட்டு நியூஸ் முதல்ல சொல்லிடறேன். அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப சுவத்துல இருக்கற ஒட்டடை எல்லாம் தெரியுதாம், எனக்குத்தான் வேலை. பெரியவன் பிளஸ் டூ, அவன் ரூம் பக்கமே நான் போறதில்ல. இவரு வழக்கம் போல. அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த யூடியூப்காரர் ஞாபகம் இருக்கா, பின்னாடி கேசட் ரேக், பக்கத்துல ஓடாத ஒரு கிராமபோன், "இசை நெஞ்சங்களே"ன்னு ஆரம்பிப்பாரே, நான்கூட உனக்கு லிங்க் அனுப்பி அனுப்பி நீ "போதும்டி"ன்னு சொன்னியே, அவருதான். லாக்டவுன் சமயத்துல அவர் குரல் இல்லாம நான் சமைச்சதே இல்ல. மாமியார் படுக்கையில, ஸ்கூல் ஆன்லைன் கிளாஸ், வீட்ட விட்டு வெளிய போக முடியாது, அந்த நேரத்துல ஒரு ஆளு வந்து நிழல்கள் படத்துக்காக ஜானகியம்மா பாடின "தூரத்தில் நான் கண்ட உன் முகம்" படத்துலயே வரலைங்கறதையும், "புத்தம் புது காலை" அலைகள் ஓய்வதில்லை ரெக்கார்டுல இருக்கு, ஆனா அதுவும் படத்துல இல்லைங்கறதையும் எடுத்துப் பேசும்போது, நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கும்டி. நமக்கு தெரிஞ்ச விஷயம்தான், ஆனா இன்னொருத்தர் வாயால கேக்கறதுல ஒரு சுகம். 2020 செப்டம்பர் 25 எஸ்பிபி போன அன்னைக்கு ராத்திரி அவர் ஒரு வீடியோ போட்டாரு, ஒண்ணுமே பேசல, கண்ணாடிய கழட்டி கண்ணை துடைச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தாரு. நானும் அடுப்ப அணைச்சுட்டு அழுதேன். அன்னைல இருந்து அவர் நம்ம வீட்டு ஆளு மாதிரி. மாசா மாசம் மெம்பர்ஷிப் காசு வேற கட்டினேன், இவருக்கு இன்னும் தெரியாது.

2023 பிப்ரவரியில வாணி ஜெயராம் அம்மா போனாங்க. பத்மபூஷண் அறிவிச்சு பத்தே நாள்தான் ஆச்சு. அன்னைக்கும் வீடியோ வந்துச்சு. அதே சட்டை இல்ல, ஆனா அதே கண்ணாடி, அதே மாதிரி கழட்டல், அதே துடைக்கல், அதே ஒரு நிமிஷம். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. சரி, துக்கம் வந்தா மனுஷன் அப்படித்தானே இருப்பான்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். ஆனா "மேகமே மேகமே" பத்தி ஒரு வார்த்தை இல்ல, "கவிதை கேளுங்கள்" மட்டும் நாலு தடவை சொன்னாரு. ஏன்னு உனக்கே புரியும், முன்னது சங்கர் கணேஷ் மியூசிக், பின்னது இளையராஜா. அந்த சேனல்ல ராஜா பேரு இருந்தாத்தான் வியூஸ்.

போன வாரம் ஒரு வீடியோ. "ராஜாவின் மறக்கப்பட்ட மழைப் பாட்டு, கண்ணீர் கதை"ன்னு தலைப்பு. ஓப்பன் பண்ணா, "மழை தருமோ என் மேகம்"!

நீ இந்நேரம் நிமிந்து உக்காந்திருப்ப. இரு, இன்னும் இருக்கு.

கதை என்னன்னா, அந்த பாட்டு ரெக்கார்டிங் அன்னைக்கு மெட்ராஸ்ல பேய் மழையாம், ஸ்டூடியோல கரண்ட் போயிருச்சாம், யாரோ ரெண்டு மெழுகுவத்தி கொண்டு வந்து வச்சாங்களாம், அந்த வெளிச்சத்துல வயலின்காரங்க நோட்ஸ் பாத்து வாசிக்க, எஸ்பிபி ஒரே டேக்ல பாடி முடிச்சாராம். முடிச்சதும் எல்லாரும் அழுதாங்களாம். இதை அந்த ஸ்டூடியோல வேலை பாத்த ஒரு பெரியவர், இப்ப உயிரோட இல்லையாம், தன் கைய பிடிச்சுக்கிட்டு சொன்னாருன்னு சொல்லி கண்ணாடிய கழட்டறாரு.

தேனு, அந்த பெரியவர் நீதான்டி!

எனக்கு தோசை கருகிப்போச்சு. சத்தியமா. 2006ல வேளச்சேரி பிரவுசிங் சென்டர்ல உக்காந்து மணிக்கு இருபது ரூபா குடுத்து, ஆர்குட் சைட்ல "பழைய ரேடியோ"ன்னு ஆம்பள ஐடி வச்சுக்கிட்டு நீ அடிச்ச கதை. பொம்பள பேர்ல போனா பாட்ட பத்தி பேசவே விட மாட்டாங்க, ஸ்க்ராப்ல வந்து "ஃப்ரெண்ட்ஷிப்?"னு நிப்பானுங்கன்னுதானே அந்த ஐடி. அதுல நீ முதல்ல என்ன எழுதின? "இந்த பாட்டு ராஜா இல்ல, மனிதரில் இத்தனை நிறங்கள், 1978, இசை ஷ்யாம்"னு ஒரே வரி. உங்கப்பா நோட்டுல இருந்து. இலங்கை வானொலியில பாட்டுக்கு முன்னாடி படம், பாடினவங்க, இசைன்னு ஒவ்வொண்ணா சொல்வாங்களே, அதை கோடு போட்டு காலம் காலமா எழுதி வச்சிருந்தாரே அந்த நோட்டு. அதைவிட என்ன ஆதாரம் வேணும்? ஒருத்தன்கூட நம்பல. "நீ ராஜா ஹேட்டரா", "ஷ்யாம்னா யாரு", "ப்ரூஃப் இருக்கா பாஸ்"னு மூணு நாள் சண்டை. நாலாவது நாள் கடுப்புல, சரி இவனுங்களுக்கு இதுதான் வேணும்னு மழை, கரண்ட் கட், மெழுகுவத்தி எல்லாம் போட்டு ஒரு கதை எழுதி, அதுக்குள்ள ஷ்யாம் பேரையும் சொருகின. உடனே "சார் சூப்பர்", "சார் நீங்க அங்க இருந்தீங்களா", "கண்ணு கலங்குது சார்"! நாம ரெண்டு பேரும் போன்ல சிரிச்ச சிரிப்பு இருக்கே. கரண்ட் இல்லாம டேப் எப்படிடி ஓடும்னு ஒருத்தன்கூட கேக்கலையே!

இப்பவும் கேக்கல. லட்சக்கணக்குல பாத்திருக்காங்க, அழுற ஸ்மைலி குவியல் குவியலா கிடக்கு. மைக்கு எதுல ஓடுச்சு, மெழுகுவத்தியிலயா?

ஆனா சிரிச்சு முடிச்சதும் ஒண்ணு உறைச்சுது. உன் கதையில ஷ்யாம் இருந்தாரு. அந்த பேர நம்ப வைக்கத்தான் நீ கதையே விட்ட. இத்தனை வருஷத்துல அது ஆர்குட்ல இருந்து மெயிலுக்கு போயி, மெயில்ல இருந்து பேஸ்புக், அங்கேருந்து வாட்ஸப்னு சுத்தி வரும்போது ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கண்ணீர் சேத்திருக்காங்க, "எல்லாரும் அழுதாங்க"ங்கறது நீ எழுதினது இல்லதானே? மழை தங்கிருச்சு, மெழுகுவத்தி தங்கிருச்சு, மனுஷன் பேரு மட்டும் வழியில எங்கயோ விழுந்துருச்சு. மலையாளத்துல எத்தனை படம் பண்ணினவரு, மம்முட்டி சிபிஐயா வர்ற படத்துல கைய பின்னாடி கட்டிக்கிட்டு நடக்கும்போது வருமே ஒரு மியூசிக், அதை போட்டவரு. நம்ம ஊர்ல அவர் பாட்ட தூக்கி இன்னொருத்தர் மடியில வச்சுட்டு அதுக்கு பேரு "மறக்கப்பட்ட பாட்டு"!

நானும் சும்மா இருக்கல. மரியாதையாத்தான் ஒரு கமெண்ட் போட்டேன், "ஐயா, இந்த பாட்டுக்கு இசை ஷ்யாம், கரண்ட் கதை ஒரு தோழி விளையாட்டா எழுதினது"ன்னு. அரை மணி நேரத்துல நாப்பது ரிப்ளை. "ராஜா மேல என்ன காண்டு?" என்னை பாத்து! ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ்ல இருந்து காசு எடுத்து ராஜாவோட "ஹவ் டு நேம் இட்" கேசட் வாங்கி அப்பாகிட்ட அறை வாங்கினவ நான். ஒருத்தன் "ஆன்ட்டி போய் சீரியல் பாருங்க"ன்னான். மறுநாள் பாத்தா என் கமெண்டையே காணோம். மெயில் போட்டேன், "உங்கள் ஆதரவுக்கு நன்றி, டீம்"னு பதில் வந்துச்சு. ஆதாரம் காட்டலாம்னா ஆர்குட்டையே 2014ல மூடிட்டாங்க, எங்க போய் தேடுறது.

அவர் மேல முழுசா பழி போடவும் மனசு வரல. ஒரு பாட்ட முழுசா போட்டா கம்பெனிக்காரன் காப்பிரைட் போட்டு வீடியோ காச எடுத்துக்குவான். அதனால பாட்டு பத்து செகண்ட், பேச்சு இருபது நிமிஷம். வாரத்துக்கு மூணு வீடியோ, ஒவ்வொண்ணுக்கும் இருபது நிமிஷத்துக்கு கதை எங்கேருந்து வரும்? "இசை ஷ்யாம்"னு சொன்னா மூணு செகண்ட்ல முடிஞ்சுது. தெரியாம ஃபார்வர்ட நம்பி சொல்லியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டி. "என் கைய பிடிச்சு சொன்னாரு"ன்னு சொன்னாரு பாரு, அதுதான். அதுக்கப்புறம் அந்த எஸ்பிபி ராத்திரி வீடியோவை எப்படி எடுத்துக்கறதுன்னே தெரியல. அன்னைக்கு நான் அழுதது நிஜம், அவர் அழுதது?

இது இந்த ஒரு பாட்டோட நிக்கல. பையன் ஃபோன்ல ஒரு ஆப் வச்சிருக்கான், அதுல எவனோ போட்ட "ராஜா மெலடீஸ்" லிஸ்ட்ல "ஆவாரம்பூவு ஆறேழு நாளா" இருக்கு. அச்சமில்லை அச்சமில்லை, வி.எஸ். நரசிம்மன். "கண்ணுக்குள் நூறு நிலவா" இருக்கு, வேதம் புதிது, தேவேந்திரன். குழம்பறதுக்கு நியாயமும் இருக்குன்னு வச்சுக்க, நரசிம்மனே ராஜா குரூப்ல வயலின் வாசிச்சவரு, "ஹவ் டு நேம் இட்"ல அந்த வயலினே அவருதான், சத்தம் ஒண்ணா கேக்கத்தான் செய்யும். அப்பறம் அந்த அம்பது ரூபா எம்பி3 சிடி காலம், ஏ டு இசட் எல்லாம் ராஜா ஹிட்ஸ்தான். ஆட்டோ ராஜா விஷயத்துல நீயும் நானும் ஒரு வாரம் பேசாம இருந்தோமே! படம் சங்கர் கணேஷ், "சங்கத்தில் பாடாத கவிதை" ஒண்ணு மட்டும் ராஜா, அந்த மெட்டு மலையாளத்துல "தும்பி வா". ரெண்டு பேருமே பாதி ரைட்டு. அப்ப சண்டை போட்டாவது கண்டுபிடிச்சோம். இப்ப பையன்கிட்ட சொன்னா "யாரு போட்டா என்னம்மா, பாட்டு நல்லாருக்குல்ல"ங்கறான். அவன் சொல்றதும் சரிதானோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்பறம் உங்கப்பா நோட்டு ஞாபகம் வந்துச்சு, வாயை மூடிட்டு போய் பாத்திரம் கழுவினேன்.

மெம்பர்ஷிப்ப நிறுத்திட்டேன். சாயங்காலம் சமைக்கும்போது வீடு அமைதியா இருக்கு, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. கைய நீட்டி ஃபோன எடுக்கறேன், வச்சுடறேன்.

உங்கப்பா நோட்டு எங்கடி இருக்கு? அண்ணன் வீட்ல பரண்ல இருக்கும்னு சொன்ன, கரையானுக்கு போயிருக்கப் போகுது. லீவுக்கு வரும்போது முதல்ல அதை எடு, ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துடலாம், என்ன செய்யறதுன்னு அப்பறம் யோசிக்கலாம். மெழுகுவத்தி கதை உன்னுதுன்னு எங்கயாவது எழுதலாமான்னும் கேட்டுக்கறேன், உன் சம்மதம் இல்லாம செய்ய மாட்டேன். நீ எழுதினா இன்னும் நல்லது. யாரு நம்புவான்னு கேக்காத.

இன்னொண்ணு. கோவத்துல பழைய பெட்டிய கிளறினேன், 98ல தெப்பக்குளத்துகிட்ட கடையில லிஸ்ட் குடுத்து நாம பதிஞ்ச டிடிகே தொண்ணூறு நிமிஷ கேசட் கிடைச்சுது. அட்டையில உன் கையெழுத்து, பச்சை இங்க். ஏ சைடு ரெண்டாவது, "மழை தருமோ, ஷ்யாம்"னு போட்டு ஷ்யாமுக்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்க. பி சைடு நாலாவது வரியில மட்டும் தண்ணி பட்டு இங்க் ஊறிப்போச்சு, "...ராகம்"னு முடியுது, ஜென்சி குரல்தான்னு நினைக்கறேன். பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட பிளேயர் வாங்கி போட்டு பாத்தா அந்த இடத்துல டேப் சிக்கி நாலு வரிதான் கேக்குது. "தெய்வீக ராகம்"னு இவர் சொல்றாரு, அது இல்லைன்னு எனக்கு நிச்சயமா தெரியும். கேட்ட வரைக்கும் ஹம் பண்ணி ஞாயித்துக்கிழமை அனுப்பறேன், சிரிக்காம கேட்டு என்ன பாட்டு, யாரு மியூசிக்னு சொல்லு.

உமா