உப்புக்காத்து ஊருக்கு எம்20 கான்கிரீட் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மழைக்காலம் முடிஞ்சா நம்ம பேப்பர்ல தவறாம ஒரு செய்தி வந்துடும், எங்கயாவது ஒரு கட்டடத்துல மேல்தளக் காரை பேர்ந்து விழுந்துடுச்சுன்னு, கூடவே "கட்டடம் பழசு"ன்னு ஒரு வரி. வயசு மட்டும்தான் காரணம்னா பாண்டிச்சேரி ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதி எப்பவோ விழுந்திருக்கணும். ஆன்டனின் ரேமண்ட் டிசைன் பண்ணது, 1930கள் கடைசியில ஆரம்பிச்சு 40கள்ல முடிச்ச கான்கிரீட் கட்டடம், கடல்ல இருந்து கொஞ்ச தூரம்தான், இன்னிக்கும் ஆளுங்க அதுல தங்கிட்டுதான் இருக்காங்க. இங்க எங்க கடலூர்ல தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் வந்து பாருங்க, பத்து பதினஞ்சு வருஷ வீட்டுலயே சன்ஷேடு அடியில கம்பி பல்ல காட்டுது.

அந்த சன்ஷேட கிட்ட போய் பாத்தாலே கத புரிஞ்சிடும். விரிசல் கண்டபடி ஓடாது, உள்ள கம்பி எந்த கோட்டுல போகுதோ அதே கோட்டுல நேரா ஓடும், ஓரத்துல டீ கறை மாதிரி பழுப்பா வடிஞ்சிருக்கும், ஒரு ரூபா காசால தட்டுனா உள்ள காலியா இருக்குற சத்தம் வரும். கான்கிரீட்ட அமுக்குனா நல்லா தாங்கும், இழுத்தா அதுல பத்துல ஒரு பங்கு தாங்குனாலே பெருசு, அதுக்குத்தான் கம்பி போடுறோம். அந்த கம்பிய துருப்பிடிக்காம காப்பாத்துறதும் கான்கிரீட்தான், அது நல்ல காரம், பிஹெச் 12க்கு மேல, அந்த காரத்துல கம்பி மேல கண்ணுக்கு தெரியாத ஒரு படலம் உக்காந்துக்கும். உப்பு உள்ள எறங்கி கம்பிய தொட்டுச்சுன்னா படலம் போச்சு. துரு சும்மா இருக்காது, தின்ன இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல எடத்த அடைக்கும், உள்ள இருந்து தள்ளும், இழுவை தாங்காத கான்கிரீட் என்ன பண்ணும், வெடிக்கும்.

அப்போ உப்பு எப்படி எறங்குது? காத்துல வர்றது ஒண்ணு, அத நம்மால நிறுத்த முடியாது. நாமளே கையால ஊத்துறது இன்னொண்ணு. குடிக்கிறதுக்கு கேன் தண்ணி வாங்குறோம், வாயில வைக்க முடியாத போர் தண்ணிய கலவையில ஊத்துறோம், தளம் காயாம இருக்க மேல பாத்தி கட்டி நிறுத்துறதும் அதே தண்ணிதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456ல தெளிவா இருக்கு. சிமெண்ட் எந்த கம்பெனி, கம்பி எந்த கம்பெனின்னு டீக்கடையில மணிக்கணக்கா பேசுவாங்க, தண்ணிய டெஸ்ட் பண்ணியான்னு கேட்டா சிரிக்கிறாங்க.

தண்ணியோட அளவு அத விட மோசம். 50 கிலோ மூட்டைக்கு கடலோரத்துல 22 லிட்டர் சொச்சம்தான் கணக்கு, மணல்ல இருக்குற ஈரமும் அதுலயே சேத்திதான். ஆனா தளம் போடுற அன்னிக்கு மிஷின் கிட்ட நின்னு பாருங்க, "கொழகொழன்னு இருந்தாதான் ண்ணா ஓடும்"னு இன்னொரு பக்கெட், அப்புறம் இன்னும் அரை பக்கெட். சிமெண்ட் எடுத்துக்கிட்டது போக மிச்ச தண்ணி ஆவியாகி போன வழியெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டை வழியாதான் உப்பு உள்ள போகுது. கலவைய அதிர வச்சு எறக்குற வைப்ரேட்டர ஓட்ட சோம்பேறித்தனம், அதுக்கு தண்ணி. அவ்வளவுதான் விஷயம்.

இதுல கொட்டேஷன் கூத்து வேற. எங்க ஊர்ல யார் கொட்டேஷன வாங்கி பாத்தாலும் எம்20தான், அதாவது சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூணு, சட்டி கணக்கு. எம்முக்கு பக்கத்துல இருக்குற நம்பர் கான்கிரீட்டோட பலம், நம்பர் கூடுனா பலம் கூடும். கடலோரத்துல நேரா காத்து படுற கம்பி கான்கிரீட் எம்30க்கு கொறையக்கூடாது, வெளிப்பக்கம் கம்பிய மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட், அதாவது கவர், வேணும்னு அதே ஐஎஸ் 456 சொல்லுது. எம்30ன்னா சட்டி கணக்கு ஆகாது, மணல், ஜல்லிய டெஸ்ட் பண்ணி அதுக்கேத்த அளவ கணக்கு போட்டு டிசைன் மிக்ஸ் போடணும், இல்ல ரெடிமிக்ஸ் வாங்கணும், செலவு கூடத்தான் செய்யும். அந்த இடைவெளிக்கு கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக்குக்கு என்ன பெரிய செலவு? அத வைக்காம ஒடஞ்ச ஜல்லிய கம்பிக்கு அடியில சொருகி வச்சா நாலு பேர் நடந்ததும் நகந்துடும், கம்பி பலகையிலயே படுத்துக்கும். சன்ஷேடு, பால்கனியில இன்னும் ஆபத்து, இழுவை மேல் பக்கம் வர்றதால கம்பியும் மேலதான் நிக்கணும், நம்ம ஆளுங்க அத மிதிச்சே கீழ எறக்கிடுறாங்க.

சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்தான் இப்ப பெரும்பாலும் வருது, உப்பு ஊருக்கு அது நல்லதுதான், ஆனா மெதுவாதான் எறுகும், அதுக்கு குறைஞ்சது 10 நாள் நனைக்கணும். மூணாவது நாளே சாக்க சுருட்டிடுறாங்க.

தானே புயலுக்கு அப்புறம் கூரை போய் தளம் போட்ட மெத்தை வீடு ஆன குடும்பம் எங்க பக்கம் எக்கச்சக்கம், ரெண்டாவது தடவ கட்ட அவங்க கிட்ட காசு கிடையாது. அதனால ஐயா, ஞாயித்துக்கிழமை வாஸ்து போடுற பக்கத்துல பாதிய ஒதுக்கி ஒரு சிவில் என்ஜினியர எழுத வைங்க, முதல் வாரமே போர் தண்ணிய எங்க குடுத்து டெஸ்ட் பண்றது, எவ்வளவு கட்டணம், எத்தன நாள் ஆகும்னு போடுங்க.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.