பத்து சென்ட் நாணயத்தில் இருக்கும் கப்பல்

ஹாலிஃபாக்ஸ்,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, வேலை முடிந்து வந்த பிறகு மாலை நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டீர்கள். மரவேலை செய்கிறேன் என்று நான் சொன்னதும் சிறிது நேரம் நீங்கள் பேசவே இல்லை. உங்கள் தச்சுப் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளை என்று என்னைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். ஆகவே அரைகுறையாகத் தொலைபேசியில் சொல்லி முடிக்காமல், எல்லாவற்றையும் விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பொருள்களை வைத்து அனுப்புகிறேன். ஒன்று, இந்தக் கனடா நாட்டின் பத்து சென்ட் நாணயம். மற்றது, விரல் நீளத்தில் ஒரு மரத்துண்டு. நாணயத்தின் ஒரு பக்கத்தில் பாய்களை எல்லாம் விரித்துக்கொண்டு போகும் ஒரு கப்பல் இருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அதன் பெயர் புளூநோஸ். அந்தக் கப்பலைத்தான் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புளூநோஸ் அரசருக்கென்று கட்டிய கப்பல் அல்ல, போர்க்கப்பலும் அல்ல. ஆழ்கடலில் காட் மீன் பிடிப்பதற்காக, நான் இருக்கும் இந்த நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனன்பர்க் என்ற சிறிய துறைமுக ஊரில் கட்டி, 1921 மார்ச்சில் கடலில் இறக்கிய ஸ்கூனர் என்ற வகை இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் 143 அடி, அகலம் 27 அடி. அந்தக் காலத்தில் கனடாவின் மீன்பிடி ஸ்கூனர்களுக்கும் அமெரிக்காவின் மீன்பிடி ஸ்கூனர்களுக்கும் இடையே ஒரு பந்தயம் நடந்து வந்தது. உண்மையாகவே மீன்பிடித் தொழிலில் இருக்கும் கப்பல்தான் அதில் ஓடலாம் என்பது விதி. கட்டிய ஆண்டிலேயே புளூநோஸ் அந்தக் கோப்பையை வென்றது, 1938இல் நடந்த கடைசிப் பந்தயத்திலும் வென்றது. இதைத் தோற்கடிக்கும் கப்பலுக்கான மரம் இன்னும் நடப்படவே இல்லை என்று அதன் தலைவர் ஆங்கஸ் வால்டர்ஸ் சொன்னதாக இங்கே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. 1937 முதல் நாணயத்தில் இடம் பிடித்த அந்தக் கப்பல், பிறகு சரக்கு ஏற்றப் போய், 1946இல் ஹெய்ட்டி நாட்டுக் கரையருகே பவளப்பாறையில் மோதி உடைந்தது.

இங்கே டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலையிலிருந்து வெளியே வரும்போதே இருட்டாக இருக்கும். பனி விழுந்தால் தெருவில் ஆள் நடமாட்டமும் இருக்காது. முதல் குளிர்காலத்தை நான் கைப்பேசியைப் பார்த்தே கழித்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் சோர்ந்துபோகிறது. இரண்டாம் குளிர்காலம் வருமுன் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று தோன்றியது. சுத்தியலும் ரம்பமும் ஓசைப்படுத்தினால் அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவு. ஆகவே சாப்பாட்டு மேசை ஒன்றில் சத்தமில்லாமல் செய்யக்கூடிய மரவேலையாக, மாதிரிக் கப்பல் கட்டுவதற்கான பொருள்கள் அடங்கிய இந்தப் பெட்டியை, இங்கே சொல்வதுபோல் கிட்டை, தேர்ந்தெடுத்தேன். முதலில் ஒரு சிறு படகைக் கட்டிப் பழகிவிட்டு ஸ்கூனருக்கு வருவது நல்லது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அது சரியான யோசனை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் நாள்தோறும் சட்டைப்பையில் கிடக்கும் கப்பலை விட்டுவிட்டு வேறொன்றைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கிட் என்றால் துண்டுகளை ஒட்டினால் கப்பல் ஆகிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெட்டியைத் திறந்தால் அதில் கப்பல் இல்லை. லேசரால் வெட்டிய அடிமரம் ஒன்று, அதில் பொருத்த வேண்டிய குறுக்குச் சட்டங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய பட்டைகள், உருண்டைக் கம்புகள், நூல் கண்டுகள், வரைபடங்கள், இவ்வளவுதான் இருந்தன. மரம் பெரும்பாலும் பாஸ்வுட். வெளிர் நிறம், மென்மை, ரேகை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருக்கம். நான் அனுப்பிய துண்டு அந்த மரந்தான். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியும். உண்மையான புளூநோஸை இந்த மண்ணில் விளைந்த ஓக், ஸ்புரூஸ், பர்ச், பைன் ஆகிய மரங்களால் கட்டினார்கள்.

முதல் சிக்கல் முதல் நாளே வந்தது. அடிமரத்தை மேசைமேல் கிடத்தினால் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. முதுகெலும்பே கோணலாக இருந்தால் கப்பல் நேராக வராது. மழைக்காலத்தில் கோணிப்போன கதவுப் பலகையை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, அந்தப் பக்கம் ஊறி விரியட்டும் என்று விட்டு, கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் காத்திருந்தேன். நேராகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. இங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

சட்டங்களை மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு, அவற்றின் விளிம்புகளைச் சரிவாக இழைக்க வேண்டும். கப்பலின் உடல் முன்னும் பின்னும் ஒடுங்குவதால், சட்டத்தின் விளிம்பு சதுரமாக இருந்தால் பலகை அதன் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும், பசைக்குப் பிடி இருக்காது. ஒரு நீளப் பட்டையைச் சட்டங்களின்மேல் வளைத்து வைத்துப் பார்ப்பதும், தூக்கி நிற்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும், மறுபடி வைத்துப் பார்ப்பதுமாக மூன்று வாரம் போனது. சலிப்பான வேலை என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் கப்பலின் வடிவம் என் கைக்குப் பழகியது.

அதன் பிறகு பலகை வைக்கத் தொடங்கினேன். அங்கேதான் பெரிய தவறு செய்தேன். கிட்டில் வரும் பட்டைகள் எல்லாம் ஒரே அகலம், 4 மில்லிமீட்டர். மேல்தளத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தேன். நடுவில் அழகாகப் பொருந்தியது. முன்மூக்கை நெருங்க நெருங்கப் பட்டை மேல்நோக்கி ஓடப் பார்த்தது. அதை விரலால் கீழே அழுத்தி, இடுக்கி போட்டு, பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் ஆறு வரிசை இப்படி ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது, முன்பக்கத்தில் ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் படிக்கட்டைப் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு, ஒரு பக்கம் மட்டும் பலகை ஏறியதால் அதன் இழுப்பில் அடிமரமும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

அப்பா, அப்போது எனக்கு ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. மேலே வளைவு வைத்த ஒரு சன்னலுக்கு நீங்கள் சட்டம் செய்துகொண்டிருந்தீர்கள். அகலமான பலகையிலிருந்து வளைவை அறுத்து எடுத்ததில் நிறைய மரம் வீணானது. குறுகிய சட்டத்தையே வளைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். நீங்கள் நிமிராமலே, "பலகை முகத்துக்கு வளையும், விளிம்புக்கு வளையாது" என்றீர்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பலகை அதன் அகன்ற பக்கமாக வளைந்து கொடுக்கும், ஒடுங்கிய விளிம்பின் பக்கமாக வளையாது என்ற அந்தச் சொல்லின் பொருள் இத்தனை ஆண்டு கழித்து, ஒரு கப்பலின் மூக்கில் என் விரலுக்கடியில் எனக்கு விளங்கியது. நான் அந்தப் பட்டைகளை விளிம்புக்கு வளைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பசையால் ஒட்டியதால் பிரிக்க முடிந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் ஒட்டு ஓரமாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மெல்லிய கத்தி நுனியை உள்ளே செலுத்தினால் பசை மெதுவாக விட்டுக்கொடுக்கிறது. ஆறு பட்டைகளையும் எடுக்க மூன்று மாலைப்பொழுது ஆனது.

மறுபடி தொடங்குமுன் கணக்குப் போட்டேன். ஒரு காகிதப் பட்டையைச் சட்டத்தின்மேல் தளத்திலிருந்து அடிமரம்வரை சுற்றி வைத்து, அளவைக் குறித்துக்கொண்டேன். நடுச்சட்டத்தில் 100 மில்லிமீட்டர் வந்தது. அங்கே 4 மில்லிமீட்டர் வீதம் 25 பலகைகள். முன்மூக்குக்கு அருகில் அதே சுற்றளவு 62 மில்லிமீட்டர்தான். அந்த 25 பலகைகளும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒடுங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பட்டைக்குப் பட்டை முனையை இழைத்து ஒடுக்கி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சட்டங்களின்மேல் வளைத்துக் கட்டி, இரவு முழுதும் காயவிட்டு, காலையில்தான் பசை போட்டேன். அப்படிச் செய்தபோது பலகை தானாகவே போய்த் தன் இடத்தில் படிந்தது. இடுக்கியை எடுத்தாலும் அசையவில்லை. இடப்பக்கம் ஒன்று வைத்தால் அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். முகத்துக்கு மட்டும் வளையும்படி பலகையை வெட்டிக் கொடுத்துவிட்டால், அதற்குமேல் கட்டாயப்படுத்த ஒன்றுமே இல்லை.

ஜனவரியில் இன்னொன்று நடந்தது. வெளியே கடுங்குளிர், வீட்டுக்குள் வெப்பமூட்டி இரவுபகலாக ஓடுகிறது. அதனால் உள்ளே காற்று உலர்ந்துபோய் உதடு வெடிக்கிறது, தோல் இழுக்கிறது. ஒருநாள் பார்த்தால், இலையுதிர்காலத்தில் நெருக்கமாக ஒட்டிய பலகைகளுக்கு நடுவே இரண்டு இடங்களில் தலைமுடி அளவு இடைவெளி தெரிந்தது. நான் பதறவில்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் ஊதும், விட்டால் சுருங்கும் என்று உங்கள் பட்டறையில் எத்தனையோ முறை காதில் விழுந்ததுதானே. இப்போது அறையில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன். கப்பலுக்கு நல்லது எனக்கும் நல்லதாக இருக்கிறது. இடைவெளியில் பட்டி வைத்துத் தேய்த்துவிட்டேன். எப்படியும் நீர்க்கோட்டுக்கு மேலே கறுப்பும் கீழே சிவப்பும் பூசப்போவதால் வெளியே தெரியாது. ஆனால் அந்த இரண்டு இடமும் எங்கே என்பது எனக்குத் தெரியும்.

தளப் பலகைகளுக்கு வண்ணம் இல்லை, மரமாகவே தெரியும். உண்மையான கப்பலில் பலகைகளின் இடுக்கில் சணல் நாரைத் திணித்து மேலே கீல் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்தக் கறுப்புக் கோடு மாதிரியிலும் வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு பட்டையின் ஒரு விளிம்பில் மட்டும் பென்சிலை அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். இரண்டு விளிம்பிலும் தேய்த்தால் கோடு தடித்துப்போகிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கில் நின்றால் நான் இரண்டே முக்கால் சென்டிமீட்டர்கூட உயரம் இருக்கமாட்டேன். அந்த ஆளின் கண்ணுக்குக் கோடு எவ்வளவு தடிப்பாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு அளவையும் முடிவு செய்கிறேன்.

சென்ற கோடையில் லூனன்பர்க்குக்குப் போய் வந்தேன். இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே கரையோர மீன்வள அருங்காட்சியகத்தில், 1938இல் கட்டிய தெரசா ஈ. கானர் என்ற பழைய மீன்பிடி ஸ்கூனர் நிற்கிறது. அதன் தளத்தில் டோரி என்ற தட்டையடிப் படகுகளை, உள்ளே இருக்கும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கிண்ணங்களை அடுக்குவதைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆழ்கடலுக்குப் போனதும் இந்தச் சிறு படகுகளை இறக்கி, ஒன்றில் இருவராகப் போய்த் தூண்டில் போட்டு, மாலையில் தாய்க்கப்பலைத் தேடி வருவார்கள். மூடுபனியில் வழி தவறித் திரும்பாதவர்களும் உண்டு. அதே ஊரில் செத்துப்போன மாலுமிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் படித்த பிறகு, என் கப்பலின் தளத்தில் டோரிகள் இல்லாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவை ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலைவிடச் சிறிது நீளம்.

இப்போது உடல் முடிந்து, பாய்மரங்களுக்கு வந்திருக்கிறேன். இங்கேதான் உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. கிட்டில் கொடுத்த உருண்டைக் கம்பில் ரேகை நேராக இல்லை, பக்கவாட்டில் ஓடி வெளியேறுகிறது; இது பின்னால் வளைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ஆகவே ரேகை நேராக ஓடும் சதுரக் கட்டை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பிறகு உருட்டுவது நீங்கள் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் பாய்மரம் மேலே போகப் போக மெலிய வேண்டும். சதுரமாக இருக்கும்போதே நுனியை ஒடுக்கிவிட வேண்டுமா, எட்டுப் பட்டை ஆக்கிய பிறகு ஒடுக்க வேண்டுமா? எட்டு மில்லிமீட்டர் கட்டையில் இரண்டாவது முறை கிடையாது.

அம்மாவிடம் நாணயத்தைக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். நீங்கள் சொல்லும்வரை அந்தக் கட்டையில் கை வைக்கமாட்டேன்.

தங்கள் அன்பு மகன்