பழைய அரசு வளாகங்கள்: நில உபயோக மாற்றத்துக்கு முன் பாரம்பரிய ஆய்வு கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
சென்னை.

பெறுநர்:
உறுப்பினர் செயலர்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
எழும்பூர், சென்னை.

பொருள்: மூன்றாவது முழுமைத் திட்டம் – தொன்மையான அரசு வளாகங்கள் – நில உபயோக மாற்றத்துக்கு முன் பாரம்பரிய ஆய்வைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது; அதன் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த திட்டம் உருவாகும்போதே பழைய அரசு வளாகங்களுக்கான பாரம்பரிய ஆய்வை அதில் சேர்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி ஒரு பழைய வளாகத்தின் நில உபயோகத்தை முதலில் வணிகமாக மாற்றிவிட்டால், அடுத்து எல்லாரும் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது அந்த நிலத்தில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதைத்தான் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் நூறாண்டுக் கட்டடம் இடத்தை அடைத்து நிற்கும் சுவர்தான். பல ஆண்டுகள் வரைபலகை முன் உட்கார்ந்தவன் நான். புதிய வரைபடத்தில் ஒரு முறை விடுபட்ட கட்டடத்தைப் பிறகு உள்ளே கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று அறிவேன்.

அண்ணா சாலையில் பாரத் காப்பீட்டுக் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்குப் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. காக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வரை போன பிறகு காப்பாற்றுவதென்றால் பாதிக் கட்டடம்தான் மிஞ்சும். சேப்பாக்கம் கலச மகாலோ 2012இல் தீயில் கருகியது. பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே அதை மீட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கு இயங்குகிறது. எரிந்த கட்டடத்தையே பயனுக்குக் கொண்டுவரத் தெரிந்த துறை நம்மிடம் இருக்கிறது.

ஆகவே, பழமையான ஒவ்வொரு அரசு வளாகத்தையும் அதன் முற்றம், மரங்கள், சுற்றுச்சுவரோடு சேர்த்து முழுமைத் திட்ட வரைபடத்திலேயே குறிக்க வேண்டுகிறேன். பழமையான கட்டடங்களை ஆராயும் பாரம்பரியக் குழுவின் எழுத்துப்பூர்வமான கருத்து வந்த பிறகே நில உபயோக மாற்றக் கோப்பு நகர வேண்டும். இதனால் நிலத்துக்குரிய துறை இழக்கும் தளப்பரப்பை வளர்ச்சி உரிமை மாற்றம் (ஓர் இடத்தில் கட்ட முடியாத தளப்பரப்பை வேறு நிலத்தில் கட்டிக்கொள்ளும் உரிமை) மூலம் வேறிடத்தில் ஈடுகட்டலாம். அறிவிப்பைத் தமிழில், வரைபடத்தோடு, வளாக வாசலிலேயே ஒட்ட உத்தரவிடுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நேரில் விளக்க வாய்ப்பளிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)