குமுளி, கம்பம் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு ஊரிலும் சங்கம் வைத்திருக்கும் வியாபாரிகள், ஜீப்காரர்கள், கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் சாயாக்கடை வைத்திருக்கும் தமிழன். முல்லைப் பெரியாறு அணைச் சண்டைப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு 2011 டிசம்பர்தான் ஞாபகம் வரும். விடியற்காலையில் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்கள் வர முடியவில்லை. இந்தப் பக்கம் தமிழன் கடை, அந்தப் பக்கம் மலையாளி கடை என்று பார்த்துப் பார்த்துக் கல் விழுந்தது. நானும் யோக்கியன் இல்லை. கூடலூர்க்கார அம்மா ஒருத்தர் தண்ணீர் கேட்டு வந்தபோது, தெருவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

நாலாம் வகுப்பு படித்த மகளைக் கம்பத்தில் அவள் பாட்டி வீட்டில் விட்டிருந்தேன். திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டுச் சேட்டன் மகள் ஒரு நோட்டை நீட்டினாள். அதே பள்ளிக்கூடம்தான், ஆனால் மலையாளம் மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. தினமும் இன்டர்வெல்லில் தமிழ் வகுப்புக்குப் போய் போர்டில் இருந்ததை வரைந்து வைத்திருக்கிறாள். ஆமாம், வரைந்துதான். ‘ஞ’ எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. கணக்கில் மட்டும் ஒரு தப்பு இல்லை.

"யாரு எழுதச் சொன்னா?" என்றேன்.

"எழுதலைன்னா அவளை டீச்சர் திட்டுவாங்கல்ல?"

சண்டை அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் அப்பாவும் ஊர்வலத்தில் போனவர்தான்.

2018 வெள்ளத்தின்போது, சைக்கிள் வாங்க உண்டியலில் சேர்த்த காசைக் கேரளத்துக்குக் கொடுத்தாள் விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி. பேப்பரில் படித்து எல்லோரும் மெச்சினோம். மெச்சுவதில் செலவில்லை.

1895-இல் திறந்த அணை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீதியைப் பொறியாளர்களும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். அணை உடையுமோ என்று கேரளத்தில் கீழே இருப்பவர்களின் பயமும் பொய்யில்லை, அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு ஐந்து மாவட்டத்து வயலின் தாகமும் பொய்யில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை சூடு ஏறினால் தோட்டத்து ஜீப்பையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மறிக்க மாட்டோம் என்று இரண்டு ஊர்ச் சங்கமும் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வந்த பிறகு யாருக்கும் காது கேட்காது. எனக்கே கேட்கவில்லை.

உட்கார இடம் வேண்டுமென்றால் என் கடையின் பின்கட்டு இருக்கிறது. அந்த நோட்டையும் எடுத்து வைக்கிறேன். சாயாவுக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
குமுளி சாயாக்கடைக்காரன்